‘குருட்டு நம்பிக்கை’, ‘குருட்டாம்போக்கு’ என்றெல்லாம் பேசுவது தவறா?

‘குருடு’ என்ற சொல் தமிழில் இத்தனை இடங்களில் வழங்கும்போது, பார்வையற்றவர்களின் மனம் நோகும் என்பதற்காக அவை எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட தொனியைப் பார்த்தால், அலுவலகத்திலோ உறவினர் கூட்டத்திலோ யாரோ உங்களைத் திருத்தியிருக்கிறார், அது உங்களுக்குச் சுருக்கென்று தைத்திருக்கிறது என்று தோன்றுகிறது. எனக்கும் ஒருமுறை தைத்தது. திருத்தியவர் என் சித்தப்பா. நான்கு வயதில் அம்மை போட்டு இரண்டு கண்களையும் இழந்தவர் அவர்.

நான் ரங்கூன்காரன். 1965-இல் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு இங்கே தமிழ்ப் படிப்பு பெரும்பாலும் கோயில் மாலை வகுப்புகளுக்குள் ஒதுங்கிவிட்டது. அப்படி ஒரு வகுப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சம்பளமின்றித் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். மொழியியல் படித்தவன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆதாரம் எங்கே என்று பின்னால் யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

ஆடிச் சுவாதி சுந்தரர் குருபூஜைக்காகப் பிள்ளைகளுக்கு அவருடைய திருவாரூர்ப் பதிகத்தைப் பயிற்றுவித்துக்கொண்டிருந்தேன். பிரிய மாட்டேன் என்று மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறியதால் கண்ணிழந்த சுந்தரர், காஞ்சியில் ஒரு கண்ணைத் திரும்பப் பெற்று, மற்றதைக் கேட்டுத் திருவாரூரில் இறைவனோடு வழக்காடும் பதிகம் அது. ஒரு பையன் ஒரே மூச்சில் கடகடவென்று ஒப்பித்தான். நடுவில் நிறுத்தி ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டேன், விழித்தான். “குருட்டு மனப்பாடம் எதற்கும் உதவாது” என்று கடிந்துகொண்டேன். தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த சித்தப்பா, “தம்பி, அது என்ன பாடம்? எனக்குத் தெரியாத பாடமாக இருக்கிறதே” என்றார்.

நான் வழிந்தேன். அவர் விடவில்லை. “குற்றம் ஒன்றும் செய்ததில்லை கொத்தை ஆக்கினீர் என்று வருகிறதே, அங்கே கொத்தை என்றால் என்ன?” என்று கேட்டார். ‘மீளா அடிமை’ என்று தொடங்கும் பதிகம் ஆயிற்றே என்ற துணிவில், “கொத்தடிமை ஆக்கினீர் என்று பொருள்” என்றேன். இத்தனை ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கும் அப்படியேதான் சொல்லி வந்திருக்கிறேன். சித்தப்பா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. “கொத்தை என்றால் குருடு. குருடான மனிதர், என்னை ஏன் குருடாக்கினாய் என்று கேட்கிற இடத்தையே இரண்டு கண்ணையும் வைத்துக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறாயே!” என்றார். பிறகு அவர் சொன்னதுதான் உங்கள் கேள்விக்கு விடை என்று நினைக்கிறேன்: “பொருள் புரியாத பாட்டு என் தலையில் ஒரு நாள்கூடத் தங்காது. மறந்தால் புரட்டிப் பார்க்க எனக்குப் புத்தகம் கிடையாது. புரியாமல் உருப்போடுவது கண்ணுள்ளவன் வேலை. அதற்கு எதற்கடா என் பெயர்?”

அவர் ‘குருடன்’ என்ற சொல்லுக்குக் கூசியவர் அல்லர். கோயில் வாசலில் யாராவது இடித்துவிட்டால், “குருடன் வருகிறேன், வழி விடுங்கள்” என்று தாமே சொல்வார். ‘கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்’ என்ற பழமொழியை அவரைவிட அதிகமாகச் சொன்னவர் எங்கள் வீட்டில் இல்லை. அவரை உறுத்தியவை இரண்டே வழக்குகள்தாம். ஒன்று மேலே சொன்ன மனப்பாடம், மற்றொன்று குருட்டாம்போக்கு. பயின்னாங் மொத்தச் சந்தையில் எங்கள் உறவினர் ஒருவருடைய பருப்புக் கடையில் அவருக்கு வேலை. உளுந்து மூட்டைக்குள் முழங்கை வரை கையை நுழைத்து, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் உருட்டி, ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து, ஈரம் காய்ந்ததா இல்லையா, பழைய சரக்குக் கலந்ததா என்று சொல்லிவிடுவார். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். வாங்க வந்தவர்களோ, “குருட்டாம்போக்கில் அடித்து விடுகிறார், பலித்துவிடுகிறது” என்பார்கள். அவர் போன பிறகும் அந்தச் சொல் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே நான் பிரித்துப் பார்ப்பது இப்படித்தான். கண் தெரியாததைக் கண் தெரியாதது என்று சொன்னால் குற்றமில்லை. விழித்திரையில் பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் இல்லை. அதைக் குருட்டுப் புள்ளி என்கிறோம், அது உண்மை. சீட்டாட்டத்தில் கையிலுள்ள சீட்டைப் பார்க்காமல் பணம் கட்டுவதைப் பிளைண்ட் என்கிறார்கள், அதுவும் உண்மை. எங்கள் ஊரில் 1970-இல் வண்டிகளைச் சாலையின் வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள். ஆனால் ஜப்பானிலிருந்து வந்து இறங்கிய பழைய வண்டிகளில் ஓட்டுநர் இருக்கையும் வலப்பக்கத்திலேயே இருந்தது. முன்னால் போகும் லாரியைத் தாண்டும்போது எதிரே வருவது ஓட்டுநருக்குத் தெரியாது. அந்த இடத்தைக் குருட்டுப் பக்கம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? ஆராயாமை, சோம்பல், மூடத்தனம் ஆகியவற்றுக்குக் ‘குருட்டு’ என்று பட்டம் கட்டும்போதுதான் சொல் பொய்யாகிறது. கண்ணுள்ளவன் செய்த பிழை கண்ணில்லாதவன் தலையில் ஏறுகிறது. ‘கண்மூடித்தனம்’ என்ற சொல் அந்த வகையில் நேர்மையானது. கண் இருந்தும் மூடிக்கொண்டவனை அல்லவா அது சொல்கிறது.

பர்மிய மொழியில் எங்களுக்கு ஒரு வேடிக்கை உண்டு. குருட்டைக் குறிக்கும் அவர்களுடைய சொல் நம் காதுக்குக் ‘கன்’ என்றுதான் விழும். தமிழில் கண் என்றால் பார்ப்பது, அங்கே கன் என்றால் பாராதது. மரியாதையாகச் சொல்லும்போது அவர்களும் ‘கண் காணாதவர்’ என்ற பொருளில் ‘மியெ மமியின்’ என்பார்கள். மாலைக்கண் நோய்க்கு நாம் பொழுதை வைத்துப் பெயரிட்டோம். அவர்கள் அந்திக்குமேல் தடுமாறும் கோழியின் கண்ணை வைத்துப் பெயரிட்டார்கள். சித்தப்பாவுக்கு இவையெல்லாம் அத்துப்படி. 1917-இல் ரங்கூனுக்கு வந்து பர்மிய மொழிக்குப் பிரெயில் எழுத்து அமைத்த பாதிரியார் ஜாக்சனும் பார்வையற்றவரே. அவர் நடத்திய கெமண்டைன் பள்ளியில் சித்தப்பாவைச் சேர்க்கும்படி யாரோ சொன்னார்களாம், தாத்தா அனுப்பவில்லை. அந்த வருத்தம் சித்தப்பாவுக்குக் கடைசி வரை இருந்தது.

பழமொழிகளையெல்லாம் கொளுத்தச் சொல்கிறான் என்று யாராவது கிளம்புவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். சொல்லை மாற்றிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள்மீதுதான் எனக்கு அதிகக் கோபம். ஒரு விழாக் குழுவினர் அழைப்பிதழில் மிகப் பணிவாக, ‘பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கு வேட்டி வழங்குதல்’ என்று அச்சடித்து, சித்தப்பாவை மேடையேற்றிப் படமெடுத்துக்கொண்டார்கள். அதே மேடையில் தேவாரம் பாட அவர் பெயரைக் கொடுத்திருந்தேன். நேரமில்லை என்று அடித்துவிட்டார்கள். வேட்டியோடு இறங்கி வந்தவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பதிகத்தில் சுந்தரர் இறைவனைக் குத்திக்காட்டும் “வாழ்ந்து போதீரே” என்ற சொல்லை மட்டும் மெல்லச் சொன்னார். நீங்கள் நன்றாக இருங்கள் என்று பொருள், அது வாழ்த்தன்று.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், திருத்தியவரிடம் வாதாடாமல், எந்தச் சொல் எந்த இடத்தில் தைத்தது என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். என் வகுப்பில் இப்போது ‘கிளிப்பாடம்’ என்கிறேன். பையன்கள் முன்போலவே பொருள் தெரியாமல் ஒப்பிக்கிறார்கள்.