‘ப்ரோ கார்டு’ வாங்கித் தருகிறேன் என்கிறார், கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. ஆறு வருடங்களாக ஸ்லாலம் நீர்ச்சறுக்கு (படகு கயிற்றால் இழுக்க, மிதவைகளைச் சுற்றிச் செல்லும் பிரிவு) செய்கிறாள். பயிற்சியில் 55 கி.மீ. வேகத்தில், 12 மீட்டர் கயிற்றில் நான்கு மிதவைகள் வரை எடுக்கிறாள். வீரர்களின் பிரதிநிதி என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர் அவளுக்கு ‘ப்ரோ கார்டு’ வாங்கித் தருவதாகவும், ப்ரோ டூர் போட்டிகளில் இடமும் ஸ்பான்சரும் உறுதி என்றும் சொல்கிறார். முன்பணம் கேட்கிறார். ஐந்து வருட ஒப்பந்தம். வருமானத்தில் 30 சதவீதம் அவருக்கு. கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுக்கவில்லை என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

முதலில் அந்த ‘ப்ரோ கார்டு’. நீர்ச்சறுக்கில் அப்படி ஓர் அட்டையே கிடையாது. கோல்ஃபில் தொழில்முறைப் போட்டிகளில் ஆடும் உரிமையாக டூர் கார்டு என்று ஒன்று உண்டு. அதைக் காதில் வாங்கிய பெற்றோரிடம் இதை விற்பது சுலபம். இங்கே பரிசுப்பணம் உள்ள போட்டிக்கு அழைப்பு வந்து, அதில் இறங்கினால் உங்கள் மகள் ப்ரோ. அடுத்த மாதம் யாரும் அழைக்கவில்லை என்றால் ப்ரோ இல்லை. அவ்வளவுதான் விஷயம். சர்வதேசப் போட்டிகளில் இறங்க ஓர் உரிமம் வேண்டும். அதை உங்கள் நாட்டுச் சம்மேளனம் வழியாக நீங்களே எடுத்துவிடலாம். நடுவில் ஆள் தேவையில்லை. அந்த உரிமத்துக்குத்தான் அவர் ‘கார்டு’ என்று பெயர் சூட்டியிருப்பார் என்பது என் ஊகம்.

அடுத்தது ‘இடம் உறுதி’. 2021ல் தொடங்கிய வாட்டர்ஸ்கி ப்ரோ டூர் என்பது, தனித்தனியாக நடக்கும் போட்டிகளை ஒரு குடையின் கீழ் கொண்டுவந்து புள்ளி கொடுக்கும் ஏற்பாடு. ஒவ்வொரு போட்டியையும் நடத்துபவர் வேறு. யாரை அழைப்பது என்பதை அவரவர்தான் முடிவு செய்கிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், காலவே கார்டன்ஸின் ராபின் ஏரியில் 1959 முதல் நடக்கும் மாஸ்டர்ஸுக்கு ஒரு வழி. மெல்போர்னின் யார்ரா ஆற்றில் நடக்கும் மூம்பா மாஸ்டர்ஸுக்கு வேறு வழி. எல்லாருக்கும் பொதுவாக ஒரே விதி எழுதி, ஒரே இடத்தில் போடுங்கள் என்று எத்தனை வருடமாகக் கத்துகிறோம்! அந்தக் குழப்பத்தில்தான் இந்த மாதிரி ஆட்கள் பிழைக்கிறார்கள். ஆனால் குழப்பம் எவ்வளவு இருந்தாலும், அழைப்பு ஸ்கோரையும் தரவரிசையையும் பார்த்துத்தான் வருகிறது. அங்கே தரகர் கையில் சாவி எதுவும் இல்லை.

சரி, உங்கள் மகளின் ஸ்கோருக்கு வருவோம். 12 மீட்டரில் நான்கு என்பது 17 வயதுக்கு நல்ல ஸ்கோர். அதை ப்ரோ ஸ்கோர் என்று சொல்ல முடியாது. ஏன் என்று கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் உங்களிடம் அவர் விற்பது இந்த இடைவெளியைத்தான்.

ஸ்லாலம் தடத்தின் நீளம் 259 மீட்டர். 55 கி.மீ. வேகத்தில் அதைக் கடக்க சுமார் 17 விநாடி. அதற்குள் வலம் இடமாக ஆறு மிதவைகளைச் சுற்ற வேண்டும். ஆறையும் முடித்தால் கயிற்றைக் குறைப்பார்கள்: 18.25 மீட்டரில் தொடங்கி 16, 14.25, 13, 12, 11.25, 10.75, 10.25, 9.75 என்று போகும். படகு நடுக்கோட்டில் நேராகப் போகிறது. மிதவைகள் அந்தக் கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி நிற்கின்றன. 12 மீட்டர் கயிற்றில் அவளுக்கு அரை மீட்டர் மிச்சம் இருக்கிறது. அடுத்த படி 11.25. அங்கே கயிறே மிதவை வரை எட்டாது! படகுக்கு ஏறக்குறைய பக்கவாட்டில் போய், ஒரு கையால் கைப்பிடியை நீட்டிப் பிடித்து, இடுப்பு தண்ணீரைத் தொடுகிற அளவு சாய்ந்தால்தான் ஸ்கி மிதவையின் வெளிப்புறம் போகும். கயிற்றின் குறையை உடம்பு ஈடுகட்ட வேண்டும். 2013ல் அமெரிக்க வீரர் நேட் ஸ்மித் 9.75 மீட்டரில் இரண்டரை மிதவைகள் எடுத்து உலக சாதனை வைத்தார். கயிறு மிதவைக்கு 1.75 மீட்டர் போதாது என்ற நிலையில் எடுத்த இரண்டரை அது.

பெண்கள் ப்ரோ போட்டிகள் பெரும்பாலும் 10.75, 10.25 மீட்டரில்தான் முடிவாகின்றன. அதாவது உங்கள் மகளை இப்போது தடுக்கும் படியை முடித்து, இன்னும் இரண்டு மூன்று படி இறங்க வேண்டும். 13லிருந்து 12க்கு வந்த மாதிரி அது வராது. 11.25லேயே பல வருடம் நின்றுவிட்ட நல்ல சறுக்குநர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. ‘பயிற்சியில்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பயிற்சி ஸ்கோரை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. படகின் வேகத்தை ஜி.பி.எஸ். கருவி பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது மனிதர். பழகிய ஓட்டுநர், தெரிந்தோ தெரியாமலோ, அவள் இழுக்கும் பக்கம் படகை ஒரு சாண் விட்டுக்கொடுப்பார். அந்த ஒரு சாண் அவளுக்கு நான்காவது மிதவை. அங்கீகாரம் பெற்ற போட்டியில் படகின் பாதையைக் கண்காணிக்கிறார்கள், தடத்தின் தொடக்கத்தில் இரண்டு மிதவைகளுக்கு நடுவே இருக்கும் நுழைவாயிலைக் கேமராவில் பார்க்கிறார்கள். நுழைவாயிலைத் தவறவிட்டால், அப்புறம் ஆறு மிதவைகளையும் எடுத்தாலும் அந்த ஓட்டத்துக்குப் பூஜ்யம்தான். கரையில் நின்று கைதட்டிய பெற்றோர் ஸ்கோர் பலகையில் பூஜ்யத்தைப் பார்த்துத் திகைத்து நிற்பதை நான் நடுவர் மேடையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

(நீர்ச்சறுக்கின் மற்ற பிரிவுகளான ட்ரிக்ஸுக்கும் ஜம்ப்புக்கும் கணக்கு வேறு. உங்கள் மகள் ஸ்லாலம் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.)

இப்போது பணம். 30 சதவீதம் என்பது எதில் 30 சதவீதம் என்று அவரிடம் கேட்டீர்களா? இந்த விளையாட்டின் உச்சியில் இருப்பவர்களைப் பாருங்கள். ரெஜினா ஜாக்வெஸ் உலக சாம்பியன், 10.25 மீட்டர் கயிற்றில் உலக சாதனை வைத்தவர். அவர் மருந்தாளுநராகவும் வேலை பார்ப்பவர். இன்னும் பல முன்னணி வீரர்கள் சீசன் முழுவதும் பயிற்சி முகாம்களில் காலை முதல் படகில் உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பரிசுப்பணம் மட்டும் வைத்துக் குடும்பம் நடத்துபவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பயணச் செலவும் நுழைவுக் கட்டணமும் போக ஒன்றும் மிஞ்சாத கட்டத்தில், 30 சதவீதம் எங்கிருந்து வரும்? அதனால்தான் அவர் முன்பணம் கேட்கிறார். வீராங்கனையின் வருமானத்தில் அவருக்கே நம்பிக்கை இல்லை. உங்கள் வருமானத்தில்தான் இருக்கிறது.

என்னிடம் பயிற்சி எடுத்த பையன் ஒருவன் இப்படித்தான் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டான். இரண்டு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது வருடம் அவன் ஸ்கோரைப் பார்த்து ஒரு ஸ்கி நிறுவனம் நேராகவே அவனைக் கூப்பிட்டது. உடனே அந்த ஏஜென்ட் வந்து நின்றார், ‘எல்லா ஒப்பந்தமும் என் வழியாகத்தான்’ என்ற வரியைக் காட்டினார். இலவசமாக வந்த ஸ்கியின் விலையில் பங்கு கேட்டார்! சம்மேளனத்திடம் போனோம். அது தனிப்பட்ட ஒப்பந்தம், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். உடை எந்த நிறம் என்று பக்கம் பக்கமாகச் சுற்றறிக்கை எழுதத் தெரிந்தவர்களுக்கு, பதினேழு வயதுப் பிள்ளையிடம் யார் கையெழுத்து வாங்கலாம் என்று ஒரு வரி எழுதத் தெரியவில்லை.

எந்தத் தாளிலுமே கையெழுத்துப் போடக் கூடாதா என்றால், ஒன்று இருக்கிறது: ஸ்கி தயாரிப்பாளர் நேரடியாகக் கொடுக்கும் உபகரண ஒப்பந்தம். இதை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இதையும் அதையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம் என்பதால் விளக்கியே ஆக வேண்டும். இதில் பணம் உங்களிடமிருந்து போகாது. ஸ்கி தள்ளுபடியில் வரும். ஸ்கோர் ஏறினால் இலவசமாக வரும். பதிலுக்கு அந்த ஸ்கியில்தான் போட்டியிட வேண்டும், படங்களில் அது தெரிய வேண்டும். வழக்கமாக ஒரு சீசனுக்கு எழுதுவார்கள். கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயம் பாருங்கள். ஸ்கிக்கு மட்டுமா, கையுறை, உடுப்பு, கைப்பிடி எல்லாவற்றுக்குமா? எல்லாவற்றுக்கும் என்றால் நாளைக்கு வேறு யாரும் உள்ளே வர இடமில்லை. காயம் பட்டு சீசன் போனால் ஸ்கியைத் திருப்பிக் கேட்பார்களா? மூன்றாவது, முக்கியமானது: அந்த ஸ்கி அவளுக்கு ஒத்துவரவில்லை என்றால் வெளியே வர வழி உண்டா? ஒரு ஸ்கியிலிருந்து இன்னொன்றுக்கு மாறி, ஸ்கியின் அடியில் உள்ள துடுப்பை (ஃபின்) மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தி நகர்த்தி ஒரு சீசனையே தொலைத்தவர்கள் உண்டு. தள்ளுபடிக்காகப் பொருந்தாத ஸ்கியில் நிற்பதைவிட, காசு கொடுத்து வாங்கியதில் நிற்பது மேல். ஆனால் பொருந்துகிற ஸ்கியையே ஒருவர் கொடுக்கிறார் என்றால், ஒப்பந்தம் ஒரு பக்கத்துக்குள் இருக்கிறது என்றால், நடுவில் எவரும் இல்லை என்றால், தாராளமாகப் போடுங்கள். 18 வயது ஆகவில்லை என்பதால் நீங்களும் கூடவே போட வேண்டியிருக்கும்.

‘ஸ்பான்சர்’ என்ற பெயரில் ஊட்டச்சத்து மாவு டப்பாக்கள் வந்தால் மட்டும் திறக்காமலேயே திருப்பி அனுப்புங்கள். உலக நீர்ச்சறுக்குச் சம்மேளனம் ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளுக்குக் கட்டுப்பட்டது. டப்பாவில் என்ன கலந்திருந்தது என்று தெரியாது என்பது அங்கே செல்லாது. உடம்பில் இருந்தால் பொறுப்பு அவளுடையது. டப்பா கொடுத்தவர் அன்று தொலைபேசியை எடுக்க மாட்டார்.

அவர் ஒலிம்பிக் கதையும் சொல்லியிருப்பாரே? ‘சீக்கிரமே ஒலிம்பிக்கில் வரப்போகிறது, இப்போதே பதிந்துகொள்ளுங்கள்’ என்பது இவர்களின் பழைய பாட்டு. நீர்ச்சறுக்கு 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் கண்காட்சி விளையாட்டாக வந்தது. பதக்க விளையாட்டாக இதுவரை வரவில்லை. 2020 ஒலிம்பிக்குக்கான குறும்பட்டியலில், ஒற்றைப் பலகையில் நின்று செய்யும் வேக்போர்டு இருந்தது, அதுவும் கழன்றுவிட்டது. அரை நூற்றாண்டாக வாசலில் நிற்க வைத்திருக்கிறார்கள். எனக்கும் ஆத்திரம்தான், ஆனால் அதை நம்பி ஐந்து வருடத்துக்கு எழுதிக்கொடுக்க முடியாது.

முன்பணத்துக்கு வைத்திருந்த தொகையை இப்படிச் செலவழியுங்கள். இந்த சீசனில் அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் நான்கைந்தில் அவளை இறக்குங்கள். தெரியாத ஓட்டுநர், தெரியாத ஏரி, எதிர்க்காற்று, இதிலெல்லாம் வரும் ஸ்கோர்தான் தரவரிசைப் பட்டியலில் ஏறும். இரண்டு வாரம் ஒரு நல்ல பயிற்சி முகாமுக்கு அனுப்புங்கள். அங்கே ஓட்டத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கட்டணம் வாங்குவார்கள், அதில் மறைவு ஒன்றும் இல்லை. 13 மீட்டரில் பத்துக்குப் பத்து முடிக்கிறாளா என்று பாருங்கள். பத்தில் ஆறுதான் என்றால் 12ஐப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அந்த மனிதருக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள்: எந்தப் போட்டியில் இடம் உறுதி, அதை அந்தப் போட்டியை நடத்துபவரிடமிருந்து எழுத்தில் வாங்கித் தாருங்கள். பதில் வராது. ஒருவேளை முன்பணம் கொடுத்துவிட்டிருந்தால், ரசீதையும் அவர் அனுப்பிய செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, பணத்தைத் திருப்பிக் கேட்டு இன்றைக்கே எழுதுங்கள். அடுத்த முறை எனக்கு எழுதும்போது, போட்டி ஸ்கோரை அனுப்புங்கள்.