மறு: அம்மாவுக்கு முட்டி மூட்டு மாற்று அறுவை சிகிச்சை, திங்கள் முதல் பிசியோ (உடற்பயிற்சி சிகிச்சை)

காலை மடக்கினால் தையல் பிரிந்துவிடுமோ என்று அம்மா பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்லும் அளவுக்கு மடக்கினால் பயமில்லை. மடக்காமல் விட்டால்தான் மூட்டு இறுகும். வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி முன்னால் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டு வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை முதல் நாளே பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். உடைக்கு, முட்டிக்கு மேல் ஏற்றிவிட வசதியான நைட்டி போதும்.

எல்லாரும் மடக்குவதையே கவனிப்பார்கள், ஆனால் நீட்டுவதும் அதே அளவு முக்கியம். படுக்கும்போது முட்டிக்கு அடியில் தலையணை வைத்திருப்பீர்கள் (பாசம்தான், வேறென்ன). அதை எடுத்துவிடுங்கள், அப்படியே பழகினால் கால் முழுசாக நீட்ட வராது. வேண்டுமானால் குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துண்டு வைக்கலாம்.

அப்புறம், பயிற்சி முடிந்ததும் முட்டி கொஞ்சம் வீங்குவது சகஜம். துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ அடுத்த பிசியோ நாள்வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.