ஓதம் ஏறும் சுவரில் பூச்சு நிற்குமா?

கேள்வி: எழுபது ஆண்டுப் பழமையான எங்கள் கல் வீட்டின் பின்னறையில், உட்சுவர்ப் பூச்சு இடுப்பளவு உயரம் வரை உப்பிப் பெயர்ந்து விழுகிறது. கரணையைக் கையில் பிடித்தறியாத நான், அதை நானே பூச விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?
– வாசகர், கோத்தகிரி

பதில்: தாங்களே பூசலாம். ஆனால் கரணையை எடுக்குமுன், வெளியே சென்று அந்தச் சுவரின் மறுபக்கத்தைப் பாருங்கள். மலைச்சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் மேட்டு மண் சரிந்து பின்சுவரை ஒட்டிச் சேர்ந்துவிடுவதால், உள்தரை மட்டத்துக்கு மேலே ஈரமண் நின்று, பெரும்பாலும் அதுவே ஓதமாக, அதாவது சுவரில் ஊறும் ஈரமாக, உள்ளே வருகிறது. அந்த மண்ணைச் சிறிது சிறிதாக அகற்றி, நீர் வடிய வாய்க்கால் அமைக்காமல் எத்தனை முறை பூசினாலும் பயனில்லை. ஈரம் சுவரிலிருந்து வருகிறதா, மூடுபனிக் காலத்து அறைக் காற்றிலிருந்து படிகிறதா என்ற ஐயம் இருந்தால், ஒரு பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ஓரிரு நாளில் தாளின் உட்புறம் துளிர்த்திருந்தால் குற்றம் சுவரில். வெளிப்புறம் மட்டும் துளிர்த்திருந்தால் காற்றோட்டக் குறைவே காரணம்.

அடுத்து, பழைய பூச்சை ஆணியால் கீறிப் பாருங்கள். வெண்மையாக, எளிதில் பொடியாக உதிர்ந்தால் அது பெரும்பாலும் சுண்ணாம்புக் காரை. அதன்மேல் சிமென்ட் பூசுவதை நான் உறுதியாக மறுக்கிறேன். சுவரின் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் உயரே ஏறி அங்கே பெயர்க்கும். நன்கு நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கும், சலித்த மணல் மூன்று பங்குமாகக் கலந்து பூசுவதே பொருத்தம். (செங்கல்லும் சிமென்டும் கொண்டு கட்டிய புதுச் சுவராயின் ஒரு பங்கு சிமென்டுக்கு ஐந்து பங்கு மணல் சேர்த்த கலவை போதும்.) சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் சுட்டுவிடும் என்பதால், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள்.

விரலால் தட்டும்போது பொள்ளென ஒலிக்கும் இடம் முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டு, தூசியைத் துடைத்து, சுவரை நனைத்து, நீர் வழியாமல் ஈரம் மட்டும் நிற்கும் பதத்தில் தொடங்குங்கள். காய்ந்த கல் கலவையின் நீரை உறிஞ்சிவிட்டால், பூச்சு நகம் பட்டாலே மணலாக உதிரும். தூக்குக்குண்டு பிடித்து, முழக்கோல் (நேரான நீண்ட சட்டம்) எட்டும் இடைவெளியில் 12 மில்லிமீட்டர் கனத்தில் மட்டப் புள்ளிகள் (பூச்சின் கனத்தைக் காட்டும் சிறு கலவைத் திட்டுகள்) வையுங்கள். கலவையைத் தடவாமல், மணிக்கட்டைச் சுண்டி வீசி அடிக்க வேண்டும். கரணையைக் கவிழ்த்தால் சற்று ஒட்டி நின்று பிறகு வழுக்குவதே சரியான பதம். புதிதாகப் பழகுவோர் பெரும்பாலும் நீரைக் கூட்டிவிடுகிறார்கள். முழக்கோலைப் புள்ளிகளின்மேல் வைத்து இழுத்து, சற்று இறுகியபின் மணியாசுக் கட்டையால் (பூச்சைச் சமன்செய்யும் கைப்பிடியுள்ள தட்டைப் பலகை) வட்டமாகத் தேயுங்கள். முதலில் கதவுக்குப் பின்னால் ஒரு சதுர மீட்டர் மட்டும் பூசிக் கை பழகுங்கள்.

கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழையும், அதன்பின் வரும் கடுங்குளிரும் கழிந்து, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையுள்ள காலமே இதற்கு ஏற்றது. பூசிய சுவரை ஒரு வாரமாவது நீர் தெளித்து ஈரமாக வைத்திருங்கள். நன்றாகக் காய்ந்தபின் எமல்ஷன் பெயின்ட் வேண்டாம். வெள்ளைச் சுண்ணாம்பே அடியுங்கள்.