மகனுக்கு ரெனர் குரல், வீட்டில் டொக்டர் கனவு

தங்கச்சி, லண்டனுக்கு வந்து இரண்டு வருசம்கூட ஆகவில்லை, அதற்குள் பதினேழு வயதுப் பெடியன் பாட்டுத்தான் படிக்கப்போறன் என்று நிற்கிறான், நல்ல ரெனர் குரல் (ஆண்களின் உயர்ந்த சுருதிக் குரல்) என்று மியூசிக் ரீச்சரும் ஏத்திவிடுகிறா, மெடிசினா பாட்டா என்று கேட்டிருந்தீர்கள். இப்பவே ஒன்றை வெட்டி எறியத் தேவையில்லை.

ஜேம்ஸ் கில்கிறிஸ்ற் என்ற பிரிட்டிஷ் ரெனரைப் பாருங்கள். சின்னனில் ஒக்ஸ்போர்ட் நியூ கொலிஜ் தேவாலயக் குழுவில் பாடினவர், பிறகு கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கொலிஜ் பாடகர் குழுவிலும் இருந்தவர். வேலை தொடங்கினது டொக்டராக. 1996இல்தான் முழுநேரப் பாடகரானார். இயன் பொஸ்ற்றிட்ஜ் என்ற இன்னொரு ரெனர் சரித்திரத்தில் கலாநிதிப் பட்டம் எடுத்தவர், அதுவும் சூனியம் பற்றி! பாட்டு அவருக்கு முழுநேரத் தொழிலானது முப்பது வயதளவில். அல்ஃபி போ என்ற ரெனர் பிளாக்பூலில் கார்த் தொழிற்சாலையில் வேலை பழகிக்கொண்டு பாடித் திரிந்தவர். அதைக் கேட்ட வாடிக்கையாளர் ஒருவர் டொய்லி கார்ட் என்ற ஒபெரா (இசைநாடக) கம்பனியில் போய்ப் பாடிக் காட்டச் சொன்னார். றோயல் கொலிஜ் ஒஃப் மியூசிக் என்ற இசைக் கல்லூரியில் படித்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பதினேழு வயதில் ஆண் குரல் இன்னும் இறுகாது. இப்ப நல்ல ரெனர் என்றால் நல்ல அறிகுறி, அவ்வளவுதான். இந்த வயதில் பெரிய ஒபெராப் பாட்டுகளைக் கத்தவைக்கிற ஆசிரியர் கிடைத்தால் மாற்றிவிடுங்கள்.

பயிற்சி எப்படி என்று பார்க்க ஆசையென்றால், திங்கட்கிழமை தவிர்ந்த பல்கலைக்கழகத் தவணை நாளொன்றில் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கொலிஜ் தேவாலயத்து மாலை ஆராதனைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். காசு கட்டத் தேவையில்லை, என்ன சமயம் என்றும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். முன்வரிசையில் சிறுவர்கள், பின்னால் மாணவப் பெடியன்கள், இரண்டு பக்கமும் எதிரெதிரே. கையில் இசைக்குறிப்பு எழுதின நோட்டுத்தாள். சங்கீதம் படிக்கிறவர்கள் மட்டுமல்ல, வேறு பாடம் படிக்கிறவர்களும் அதற்குள் இருப்பார்கள். இன்றைக்கு பேர்ட், நாளைக்கு பர்செல் என்று பழைய இங்கிலாந்து இசையமைப்பாளர்களின் உருப்படிகள் நாளுக்கு நாள் மாறும், கொஞ்ச நேர ஒத்திகையோடு நேரே ஆராதனை. தாளைப் பார்த்தவுடன் பாடுகிற திறன் அப்படித்தான் ஊறுகிறது. உங்கள் மகன் ஊரில் சங்கீதம் பழகியிருந்தால் சுருதி பிசகாது, ஆனால் இந்தத் தாள் வாசிப்பு இடிக்கும். பியானோ கொஞ்சமாவது பழகட்டும்.

இசைக் கல்லூரி வழி நீளம். றோயல் அக்கடமி, கில்ட்ஹோல், மன்செஸ்ரரில் றோயல் நோர்தேர்ன் எதுவென்றாலும் முதற்பட்டம் நாலு வருசம். அதோடு முடியாது, மேற்படிப்பு, ஒபெராப் பயிற்சி என்று போகும். இத்தாலியன், ஜேர்மன், பிரெஞ்சு உச்சரிப்பும் படிக்கவேணும். முடித்தாலும் மாதச் சம்பள வேலை அபூர்வம். கச்சேரிக்குக் கச்சேரி காசு, இடையில் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பு. இதை அவனுக்கு மறைக்காதீர்கள்.

ஒரு வசதி இருக்கிறது. இசைக் கல்லூரிகள் பலவற்றுக்கு யூகாஸில் (உயர்கல்வி விண்ணப்பங்களை எடுக்கிற பொது அமைப்பு) தனி விண்ணப்பம், கில்ட்ஹோலுக்கு நேரே அவர்களிடமே போடவேணும், பல்கலைக்கழக விண்ணப்பம் வேறு. இரண்டையும் போடலாம். இசைக் கல்லூரிகளுக்கு ஒக்ரோபர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும், மெடிசினுக்கும் கேம்பிரிட்ஜ், ஒக்ஸ்போர்டுக்கும் ஒக்ரோபர் நடுப்பகுதி. குரல் தேர்வுக்கு இரண்டு மூன்று பாட்டை இந்தக் கோடை லீவிலேயே ரீச்சரோடு இருந்து தெரிவுசெய்யச் சொல்லுங்கள்.