கரும்பு வெட்ட வந்தவர்கள் தங்கிய கொட்டகைகளில் வாழ்க்கை எப்படி இருந்தது?

1980களில் எங்கள் ஊர் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் வருஷா வருஷம் இவர்கள் வந்து இறங்குவார்கள். எங்கள் பக்கத்துக் கரும்பு நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குப் போகும்.

வெட்டிய கரும்பு காய்ந்தால் எடையும் குறையும், சர்க்கரையும் குறையும். சீக்கிரம் ஆலைக்குப் போயாக வேண்டும். அதனால் ஆட்கள் வயலோரமே கிடக்க வேண்டும். நாலு கழி நட்டு, மேலே கரும்புத் தோகை பரப்பினால் அதுதான் வீடு. குனிந்துதான் நுழைய முடியும். மார்கழிப் பனியில் உள்ளே அடுப்புப் புகை வேறு.

விடியுமுன் பழைய சோறும் கருவாடும். புருஷன் வெட்ட, பெண்டாட்டி தோகை கழித்துக் கட்டுக் கட்டுவாள். தோகையின் ஓரம் பிளேடு மாதிரி. பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டிருந்தாலும் கழுத்தெல்லாம் கீறல் இருக்கும். கைக்குழந்தைக்கு வேப்பமரத்தில் தூளி. பெரிய பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும். பள்ளிக்கூடமா? அதெல்லாம் கிடையாது.

கூலி டன் கணக்கில். ஆனால் காசு கைக்கு வராது. ஆட்களைக் கூட்டிவரும் மேஸ்திரி ஆடி மாதமே கொடுத்த முன்பணத்தில் கழியும். கணக்கு நோட்டு அவரிடம்தான். கடன் தீராவிட்டால் அடுத்த வருஷமும் அவரிடமே வர வேண்டும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது, அப்படிப்பட்ட கடன் செல்லாது என்றே அது சொல்கிறது. சரி, அதை இவர்களுக்கு யார் சொன்னது? மேஸ்திரியா சொல்வார்!

வெட்டு முடிந்ததும் கொட்டகையைப் பிரித்து, கழிகளை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அப்புறம் அந்த இடத்தில் மூன்று அடுப்புக் கல்தான் மிச்சம்.