கேட்டதும் சொன்னதும்: புள்ளிக்கும் கணக்கு உண்டு

கேள்வி: ஐயா, எங்கள் கோயில் விழா மலருக்கு ‘1000 எழுத்துக்குள்’ கட்டுரை கேட்டார்கள். காகிதத்தில் எழுதி, ஒவ்வொன்றாக எண்ணினேன். 650 எழுத்து. மகன் அதையே போனில் அடித்து, எழுத்து எண்ணும் இணையப் பக்கத்தில் ஒட்டிப் பார்த்துவிட்டு 1,260 என்கிறான். யார் கணக்கு தப்பு?
– ஒரு வாசகி, மோல்மேன் (பர்மா)

பதில்: இரண்டும் தப்பில்லை அம்மா. நீங்கள் எண்ணியது தமிழ் எழுத்து. அந்தப் பக்கம் எண்ணியது யூனிகோடு குறியீடு, அதாவது எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் பொது முறையின் கணக்கு.

‘கோயில்’ என்று எழுதிப் பாருங்கள். நமக்கு கோ, யி, ல் என மூன்று. கணினிக்கு ஆறு: க, ஓகாரக் குறி, ய, இகரக் குறி, ல, புள்ளி. நம்முடைய 216 உயிர்மெய்க்கும் தனித்தனி எண் கொடுக்காமல், ‘க’ போன்ற அகர வரிசை எழுத்தையும் குறியையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். போதாததற்குச் சொற்களுக்கு நடுவே விடும் இடமும் கணக்கில் ஏறும். ‘லக்ஷ்மி’ என்று எழுதினாலும் ‘லட்சுமி’ என்று எழுதினாலும் கணினிக்கு ஏழுதான். பெயரைத் தமிழாக்கியும் இடம் மிச்சமாகவில்லை!

எந்தப் பக்கம் எதை எண்ணுகிறது என்று அறிய ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லை மட்டும் ஒட்டுங்கள். 3 என்றால் நம்மைப் போல எண்ணுகிறது. 5 என்றால் குறியீடு. 15 என்றால் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் பைட்டுகளை, அதாவது கணினி நினைவகத்தின் சிறு அலகுகளை எண்ணுகிறது, அதை மூடிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் என் பிள்ளைகளுக்கு இந்தச் சோதனையைத்தான் கொடுப்பேன். போனை வாங்கிக்கொள்ள எனக்கும் ஒரு சாக்கு.

புள்ளியை எண்ணுவதா என்பது நேற்று வந்த சண்டை இல்லை. கட்டளைக் கலித்துறை என்ற பாவகையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசை என்றால் 17. ஒற்றெழுத்தை, அதாவது புள்ளி வைத்த மெய்யை, எண்ணக் கூடாது. நம்மவர்கள் புள்ளி எழுத்தையே தள்ளினார்கள், கணினி புள்ளிக்கும் தனி வரவு வைக்கிறது.

மலர்க் குழுவில் பக்கம் வடிவமைப்பவர் கணினியில் எண்ணுகிறவராக இருந்தால் உங்கள் கட்டுரை 260 கூடுதல். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெட்டுங்கள். ‘இத்தனை சொல்லுக்குள்’ என்று வரம்பு மாறினால் அது இன்னும் வம்பு. எண்ணும் கருவிக்கு இடைவெளிதான் சொல்லின் எல்லை. ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ ஒரு சொல். ‘வந்து கொண்டு இருக்கிறார்கள்’ மூன்று. வகுப்பில் ஒரு பையன் கட்டுரை முழுக்க இப்படிச் சேர்த்து அடித்து 200 சொல்லுக்குள் அடக்கிக் கொடுத்தான். கெட்டிக்காரன்தான், ஆனால் படித்து முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

கேள்வி: தமிழில் குறுஞ்செய்தி அனுப்பினால் போன் காசு சீக்கிரம் கரைவது ஏன்?
– ஒரு வாசகர், பெகு

பதில்: இதில் சூடு பட்டவன் நான். அன்னதானத்துக்கு அழைக்க இப்படி எழுதினேன்: “நாளை மாலை 6 மணிக்குக் கோயிலில் அன்னதானம். அனைவரும் குடும்பத்துடன் வருக.” நூற்றைம்பது பேருக்கு அனுப்பினேன். முந்நூறு செய்திக்குக் காசு போனது.

ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து. நடுவே ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் முழுச் செய்திக்கும் வரம்பு 70 ஆகச் சுருங்கிவிடும். 70-ஐத் தாண்டினால் துண்டு துண்டாகப் போகும், துண்டுக்கு 67தான்.

அன்றிரவு உட்கார்ந்து எண்ணினேன். நம் கணக்குக்கு 35 எழுத்தும் ஓர் எண்ணும். போன் கணக்குக்கு 71. ‘வருக’வுக்குப் பின்னால் வைத்த முற்றுப்புள்ளிதான் அந்த ஒன்று! என் வீட்டுக்காரி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்: “இலக்கணம் படிச்சவர் வச்ச புள்ளி, நூத்தம்பது செய்தியைத் தின்னுடுச்சு.” இப்போதெல்லாம் முதலில் இணையக் கருவியில் ஒட்டி, 70-க்குள் வந்த பிறகுதான் அனுப்புகிறேன். அந்தப் புள்ளியை வைப்பதுமில்லை.

கேள்வி: மகளுக்குப் பள்ளியில் பர்மியக் கட்டுரை, 200 சொல். அவள் பக்கம் பக்கமாக எழுதியும் கருவி மிகக் குறைவாகக் காட்டுகிறதே?
– ஒரு தாய், ரங்கூன்

பதில்: பர்மிய எழுத்தில் சொல்லுக்குச் சொல் இடம் விடுவதில்லை, ஒரு தொடர் முடிந்த இடத்தில்தான் விடுவார்கள். இடைவெளியை எண்ணும் கருவிக்கு அந்தத் தொடர் மொத்தமும் ஒரே சொல். அதோடு, 2019 அக்டோபர் 1 அன்று நாடு யூனிகோடுக்கு மாறும் முன் பெரும்பாலோர் அடித்த ஜாவ்ஜீ எழுத்துரு உங்கள் கணினியில் இருந்தால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் சொல்லுக்கே எழுத்துக் கணக்கும் வேறாக வரும். எத்தனை பக்கம் எழுத வேண்டும் என்று ஆசிரியையிடம் கேட்டுவரச் சொல்லுங்கள்.