விண்வெளிக்குப் போக எந்தக் கல்லூரி?

அன்புள்ள அம்மா,

விண்வெளிக்குப் போக ஆசைப்படும் உங்கள் மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று கேட்டீர்கள். விண்வெளிப் பொறியியலுக்கு நான்கு வருடத்துக்கு 18 லட்சம். பாதி கடன், பாதி நகை என்று உங்கள் அண்ணன் போட்ட கணக்கைக் காட்டினீர்கள். தூக்கமே வரவில்லை என்றீர்கள். நகையை பீரோவிலேயே வையுங்கள். அந்தப் பட்டத்துக்காக யாரும் விண்கலத்தில் இடம் தரப்போவதில்லை.

தனியார் நிறுவனங்கள் வந்துவிட்டதால் வாய்ப்பு கொட்டிக் கிடக்கிறது என்கிறாராம் அண்ணன். போனவர்களைப் பாருங்கள். 2001இல் அமெரிக்கத் தொழிலதிபர் டென்னிஸ் டிட்டோ சொந்தப் பணத்தில் போனார். 2021இல் ஜாரெட் ஐசக்மேன் என்ற செல்வந்தர் தன் செலவில் மூவரை அழைத்துப் போனார். 2025இல் தனியார் விண்கலத்தில் போன சுபான்ஷு சுக்லாவுக்கு நம் அரசு பணம் கட்டியது. அவர் விமானப்படை விமானி. மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் நம் நாட்டின் ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நால்வரும், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் உட்பட, விமானப்படையின் சோதனை விமானிகள். நால்வரில் பெண் இல்லை. நம் விமானப்படையில் பெண்கள் போர் விமானிகளானதே 2016இல்தான்.

நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் ஜன்னலுக்கு ஓடியதைக் கவனித்தீர்களா? வானில் போன சிறிய பயணிகள் விமானத்தைக் காட்டி, "ஏ.டி.ஆர். விமானம் சார், சக்கரம் வெளியே வந்துவிட்டது" என்றாள். விண்வெளிக்குப் போகவே முடியாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "விமானம் ஓட்டுவேன்" என்றாள், யோசிக்காமலே.

அவளுக்குரிய வழி, முப்படை அதிகாரிகளாகப் பயிற்சி தரும் என்.டி.ஏ. என்கிற தேசியப் பாதுகாப்பு அகாடமி. 2022 முதல் பெண்களையும் சேர்க்கிறார்கள். யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இருமுறை நடத்தும் தேர்வு; பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம்கூட இல்லை. விமானப்படைப் பிரிவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ்வழியில் படித்த பிள்ளை இன்றிலிருந்தே ஆங்கில வினாத்தாளில் பழக வேண்டும். கணிதத்துக்கு 300, ஆங்கிலமும் பொது அறிவும் சேர்ந்த பொதுத் திறன் தாளுக்கு 600 மதிப்பெண். அதன்பின் ஐந்து நாள் நேர்முகத் தேர்வு 900. விமானியாக உயரம் சுமார் 163 செ.மீ. வேண்டும், இன்றே அளந்து பாருங்கள். விமானி திறனறித் தேர்வை வாழ்நாளில் ஒருமுறைதான் எழுதலாம். தவறினால் விமானப்படை விமானியாக முடியாது. இதை அவளிடம் மறைக்காதீர்கள். தேறினால் புனே அருகே கடக்வாஸ்லாவில் மூன்று வருடம், பிறகு ஹைதராபாத் அருகே துண்டிகலில் பறக்கும் பயிற்சி. பயிற்சிச் செலவு அரசுடையது.

அங்கிருந்து விண்வெளி உறுதியா? இல்லை. ஆனால் விமானம் அவள் கையில் இருக்கும். அவள் கேட்டது அதைத்தான்.

கல்லூரிக்கு முன்பணம் கட்டாதீர்கள். அண்ணனின் எண்ணை அனுப்புங்கள், நானே பேசுகிறேன்.